வாழ்த்துபவர்கள்: ஊர் மக்கள்

ஊர்காவற்றுறைச் சந்தியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அந்தப் பதாகை ஆறு மாதமாகத் தொங்கியது. பத்து அடி நீளம், நாலு அடி அகலம். இடது பக்கத்தில் நிமலினியின் படம், நீலச் சேலையில், பல்லுத் தெரியாத ஒரு சிரிப்புடன். வலது பக்கத்தில் சிவப்பு எழுத்தில், "மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகி எமது கரைக்குப் பெருமை சேர்த்த எங்கள் முதல் வைத்தியர் செல்வி இ. நிமலினியை வாழ்த்துகிறோம்" என்றிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "வாழ்த்துபவர்கள்: ஊர் மக்கள்."

அந்த ஊர் மக்கள் யார் என்று ஊர் மக்களுக்கே தெரியாது. கடற்றொழிலாளர் சங்கம் போட்டிருக்கும் என்று மாதா கோயிலடியில் நினைத்தார்கள். கோயில்காரர் போட்டிருப்பார்கள் என்று சங்கத்தில் நினைத்தார்கள். விளையாட்டுக் கழகத்துக்காரர் தங்கள் கழகத்தின் பெயர் விடுபட்டுப்போனதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். உண்மையில் அந்த ஊர் மக்கள் மொத்தம் ஒரே ஒரு ஆள்தான். வயது ஐம்பத்துமூன்று, தொழில் கடல், பெயர் இராயப்பு. நிமலினியின் தகப்பன்.

வைகாசியில் உயர்தரப் பெறுபேறு வந்த அன்று இராயப்பு மகளின் போனை வாங்கி, போன வருஷம் யாழ்ப்பாண மாவட்டத்தில் மருத்துவத்துக்கு எத்தனை புள்ளியோடு வெட்டினார்கள் என்று பார்த்தார். நிமலினியின் புள்ளி அதைவிடப் பூச்சியம் தசம் பூச்சியம் மூன்று கூட இருந்தது.

"அப்பா, அது போன வருஷத்து வெட்டுப்புள்ளி. இந்த வருஷத்தது வர இன்னும் அஞ்சாறு மாதம் செல்லும்," என்றாள் நிமலினி.

"போன வருஷம் அது போதுமெண்டால் இந்த வருஷம் காணாதே?"

போன கிழமை மீன் பட்ட இடத்தில் இந்தக் கிழமையும் படும் என்று நம்பி வலை போடுகிறவர் அல்ல இராயப்பு. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் முப்பது வருஷம் தொழில் செய்தவர். மகளின் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போனதோ, அடுத்த நாளே பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு அச்சகத்தின் முன்னால் நின்றார். நல்ல கனதியான துணியில் அடிக்கச் சொன்னார். வெயிலுக்கும் காற்றுக்கும் தாங்கவேணும் என்று சொல்லி அதற்கு மேலதிகக் காசும் கொடுத்தார்.

"ஆர் வாழ்த்துறது எண்டு போட?" என்று அச்சகக்காரர் கேட்டார்.

இராயப்பு அதை யோசித்திருக்கவில்லை. பெற்ற தகப்பனே தன் பிள்ளையை வாழ்த்திப் பதாகை கட்டினால் சந்தி சிரிக்கும். சங்கத்தின் பெயரைப் போட்டால் சங்கத்தைக் கேட்கவேண்டும். கொஞ்சம் விழித்துவிட்டு, "ஊர் மக்கள் எண்டு போடுங்கோ," என்றார்.

இதுவரையில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. பிள்ளையில் உள்ள ஆசையில் மனிசர் இதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனமெல்லாம் செய்வார்கள். அவர் செய்த கேவலம் அதற்கு அடுத்த நாள் காலையில் நடந்தது. அச்சகத்தின் ஆட்கள் விடிய முதலே வந்து கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எட்டு மணிக்கு இராயப்பு மகளையும் கூட்டிக்கொண்டு பாண் வாங்குகிற சாட்டில் சந்திக்கு வந்தார். பத்துப் பேர் கூடி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராயப்பு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தானும் அண்ணாந்து பார்த்தார்.

"ஆர் போட்டவங்களோ தெரியாது. எங்களிட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை," என்றார்.

பக்கத்தில் நின்ற நிமலினி ஒருதரம் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். வெயில் கண்ணில் படுகிறது என்று இராயப்பு நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு நல்ல காலம். சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் ஒரு கதிரை அவருக்கென்று விடப்பட்டது, அவரும் கூச்சப்படாமல் போய் இருந்தார். ஆட்கள் இரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு நிமலினியைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். அவள் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்புவாள். இராயப்பு படலை வரைக்கும் அவர்களோடு நடந்து போய், "இன்னும் கொஞ்சக் காலம் பொறுங்கோ," என்பார்.

கார்த்திகையில் வெட்டுப்புள்ளி வந்தது. இந்த முறை கூடிவிட்டது. நிமலினிக்குப் பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்று எட்டு ஏழு குறைந்தது. தாய் மாக்கிறேற் குசினி வாசலில் இருந்து அழுதாள். நிமலினி போனை மேசையில் வைத்துவிட்டு, "சரி," என்றாள். பிறகு தாயை எழுப்பித் தண்ணீர் கொடுத்தாள்.

இராயப்புக்கு முதலில் நினைவுக்கு வந்தது மகளின் முகம் அல்ல, சந்தியில் தொங்கும் பதாகை. அது தனக்கே தெரிந்தபோது மனிசன் கூசிப்போனார். பிள்ளை இரண்டு வருஷம் கண் முழித்துப் படித்தது கைவிட்டுப் போகிறது, இவருக்குச் சந்தியைப் பற்றிக் கவலை. ஆனால் கூசியதால் கவலை குறைந்ததா என்றால் அதுவும் இல்லை.

பதாகையைக் கழற்றவும் வழியில்லை. கழற்றுகிறவன்தான் கட்டியவன் என்று ஊர் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடும். சங்கம் கழற்றட்டும் என்று கோயில்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோயில் கழற்றட்டும் என்று சங்கம் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றாவது கொண்டுபோகட்டும் என்று இராயப்பு மாதாவிடம் மன்றாடினார். கார்த்திகைக் காற்றும் வந்தது, மழையும் வந்தது. திருவிழாவுக்குக் கட்டிய பதாகை கிழிந்து பறந்தது, தேநீர்க் கடையின் தகரம் பறந்தது. நிமலினி மட்டும் நீலச் சேலையில் அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கனதியான துணி.

"கம்பஸ் எப்ப துடங்குதாம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "இன்னும் கடிதம் வரேல்லை," என்று அவர் பதில் சொன்னார்.

கடிதம் வந்திருந்தது. மாத்தறையில் உள்ள பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானத்துக்கு நிமலினி தெரிவாகியிருந்தாள். நாட்டின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி, ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகம், படிப்புக்குச் செலவில்லை. தங்குவதும் சாப்பிடுவதும் பஸ் காசும்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதியவேண்டும். பதியாவிட்டால் அந்த இடம் போய்விடும்.

"மீனைப் பற்றிப் படிக்க மாத்தறைக்குப் போறதோ? காலமை இறங்குதுறைக்கு வந்தால் நானே காட்டித்தருவன்," என்றார் இராயப்பு. சிரிப்பு வரட்டும் என்று சொன்னது. வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. மீன்காரனின் மகள் மீனைப் படிக்கப் போனாள் என்று சந்தியில் சொல்லிக் காட்டுவார்கள், அதுவும் அந்தப் பதாகைக்குக் கீழே நின்று சொல்லிக் காட்டுவார்கள் என்பதுதான் அவருடைய பயம்.

அப்போதுதான் பத்திரிகையில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஜோர்ஜியாவில் மருத்துவம், அனுமதி நிச்சயம். இராயப்பு மகளைக் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறபடி, அப்பா," என்றாள் அவள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை இருவரும் பஸ் ஏறினார்கள். சந்தியைத் தாண்டும்போது இராயப்பு குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார். வாரில் பிழை ஒன்றுமில்லை. இரண்டு கிழமையாக அந்த இடத்தில் அவருக்குக் குனிந்து செய்ய ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில், விளம்பரம் போட்ட முகவரின் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. முகவரின் பெயர் கோபிசங்கர். நல்ல இஸ்திரி போட்ட சேர்ட், நல்ல வாய். எழும்பி நின்று வரவேற்று, நிமலினியின் பெறுபேற்றைப் பார்த்து, "ச்சா, மயிரிழையில தவறிப்போட்டுது," என்று உண்மையாகவே கவலைப்படுவது போலச் சொன்னான். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினான். ஆறு வருஷப் படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு, காப்புறுதி, விமானச் சீட்டு, குளிர் உடுப்பு, தங்களுடைய சேவைக் கட்டணம்.

"எல்லாம் சேர்த்து ஒரு கோடியே அறுபது இலட்சம் வரும் அண்ணை. டொலர் ஏறினால் கொஞ்சம் கூடும்."

இராயப்பு தலையை ஆட்டினார். படகும் எஞ்சினும் வலையும் விற்றால் இருபது இலட்சம். மாக்கிறேற்றின் சீதனக் காணியை விற்றால் இன்னொரு நாற்பது. கனடாவில் இருக்கும் மாக்கிறேற்றின் அக்கா ஞானசவுந்தரி முதல் இரண்டு வருஷக் கட்டணத்தைத் தான் பார்ப்பதாகவும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றும் சொல்லியிருந்தார். அந்தப் "பிறகு" நாலு வருஷம் நீளமானது என்று இராயப்புக்குத் தெரியும். படகை விற்றுவிட்டு எதில் தொழிலுக்குப் போவது என்பதை அவர் யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் இருப்பதற்காகத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுப்பினமோ தம்பி?"

"நூற்றுக்கு நூறு அண்ணை. உள்ளுக்கு எடுக்கிறதில ஒரு பிரச்சினையும் இல்லை."

அதுவரை வாய் திறக்காத நிமலினி கேட்டாள். "முடிச்சிட்டு வந்து இஞ்சத்தைச் சோதனையும் எழுதினால்தானே டொக்டராய் வேலை செய்யலாம்?"

"ஓம், அது எல்லாருக்கும் உள்ளதுதானே."

"உங்களால எத்தனை பேர் போயிருக்கினம்?"

"முப்பத்தொண்டு," என்றான் கோபிசங்கர் உடனேயே.

"திரும்பி வந்து அந்தச் சோதனையில எத்தனை பேர் பாஸ்?"

கோபிசங்கர் பேனையின் மூடியைப் போட்டான், திரும்பக் கழற்றினான். "அது அவையவையின்ர கெட்டித்தனத்தைப் பொறுத்தது, தங்கச்சி. கணக்கெடுத்துத்தான் சொல்லவேணும்."

நிமலினி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டவரைக்கும் போதும் என்பது போல மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். இராயப்புக்கும் விளங்கியது. விளங்காத மாதிரி இருந்தார்.

"ஒரு படம் இருந்தால் விண்ணப்பத்தை இப்பவே ஏத்திவிடுவன் அண்ணை," என்றான் கோபிசங்கர். "முற்பணத்தை வெள்ளிக்கிழமைக்கு முதல் கட்டினால் காணும்."

இராயப்பு அவசரமாகத் தன் போனை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒரு படத்தைக் கண்டுபிடித்து மேசையில் வைத்தார். நீலச் சேலை. பல்லுத் தெரியாத சிரிப்பு. போன வருஷம் ஒரு கலியாணத்துக்கு வெளிக்கிட்டபோது வீட்டு வாசலில் நிற்கவைத்து அவரே எடுத்தது. நிமலினி படம் எடுக்க விடாத பிள்ளை. அன்றைக்கு மட்டும், அப்பா ஆசையாகக் கேட்கிறார் என்று நின்றாள்.

"நல்ல படம்," என்றான் கோபிசங்கர்.

நிமலினி போனைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன் சந்தியில் பார்த்த அதே பார்வை. இந்த முறை வெயில் ஒன்றும் இல்லை.

இராயப்புவின் முகத்தில் ஈயாடவில்லை. மேசையில் கிடந்த போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பிறகு அனுப்புறன் தம்பி," என்று எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது. அதைக்கூட அவர் நிமிர்த்தவில்லை, நிமலினிதான் நிமிர்த்தி வைத்தாள்.

பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல் வந்த பிறகுதான் இராயப்புக்கு வாய் வந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"கட்டின அண்டைக்கே. அந்தப் படம் உங்கட போனில மட்டும்தான் இருக்கு அப்பா. நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. அம்மாட்டையும் இல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

நிமலினி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "ஆர் போட்டவங்களோ தெரியாது எண்டு நீங்கள் பத்துப் பேருக்கு முன்னால சொன்னீங்கள். நான் பக்கத்தில நிண்டனான். அதுக்குப் பிறகு என்னெண்டு சொல்லுறது?"

இராயப்பு முன் சீற்றின் கம்பியைப் பிடித்தார். தன் பிள்ளை தன்னைப் பொய்யனாக அந்தக் காலை எட்டு மணிக்கே பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டு ஆறு மாதம் அந்தப் பொய்யனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். பரிசோதனைத் தாள்களோடு வந்தவர்களிடம் அவள் கூசிக் கூசி மறுத்தபோது, தான் படலையில் நின்று சொன்ன வார்த்தைகள் எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். அதை நினைக்க அவருக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது.

"ஜோர்ஜியாவுக்கு ஏன் ஓம் எண்டனீ?" என்று கேட்டார்.

"நான் ஓம் எண்டு சொல்லேல்லை. நீங்கள் சொல்லுறபடி எண்டனான். உங்களால அதைக் கழட்ட ஏலாது எண்டு எனக்குத் தெரியும். நான் எங்கையாவது டொக்டருக்குப் படிக்கப் போனால் அது பொய்யில்லாமல் போயிடும். அவ்வளவுதான்."

"படகை விக்கப் பாத்தனான், பிள்ளை."

"தெரியும். அம்மா சொன்னவா."

"உனக்கு என்னதான் விருப்பம்?"

ஆறு மாதத்தில் இதை அவர் கேட்பது முதல் தரம். அவளுக்கும் அது தெரிந்தது. "டொக்டராய் வரத்தான் விருப்பம். அது கிடைக்கேல்லை. விண்ணப்பத்தில மாத்தறையை ரெண்டாவதாய்ப் போட்டது நான்தான், ஒருத்தரும் சொல்லிப் போடேல்லை. எங்கட கடலில மீன் ஏன் குறையுது எண்டு நீங்கள் ஒவ்வொரு நாளும் கேக்கிறனீங்கள். அதைப் படிக்கலாம் எண்டு பாத்தன்."

வேலணை தாண்டியது. இராயப்பு மூக்கைச் சீறிக்கொண்டார். பக்கத்து சீற்றில் இருந்த மனிசி தடிமனா என்று கேட்க, ஓம் என்றார்.

சந்தியில் பஸ் நின்றபோது பின்னேரம் நாலு மணி. தேநீர்க் கடையில் ஆட்கள் நிறைய. இந்த முறை இராயப்பு செருப்பைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து பதாகையைப் பார்த்தார். சிவப்பு எழுத்து வெளிறி ரோசா நிறமாகியிருந்தது. "ஊர் மக்கள்" மட்டும் நன்றாகத் தெரிந்தது.

நேரே சங்கத்துக்குப் போனார். செயலாளர் பிரதாபன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஏணியை ஒருக்காத் தாரும்."

"என்னத்துக்கு, இராயப்பண்ணை?"

"பனரைக் கழட்ட."

பிரதாபன் பேனையை வைத்துவிட்டு ஏணிக்குப் பின்னாலேயே வந்தான். சந்தியில் இராயப்பு ஏணியைக் கம்பத்தில் சாத்த, தேநீர்க் கடையில் இருந்தவர்களும் கோப்பையோடு எழும்பி வந்தார்கள். நிமலினி பையைக் கீழே வைத்துவிட்டு ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, நில்லுங்கோ," என்றான் பிரதாபன். "ஊர் மக்கள் போட்டதை நீங்கள் ஆரைக் கேட்டுக் கழட்டுறீங்கள்? நாளைக்கு ஒரு கதை வரப்போகுது."

இராயப்பு மூன்றாவது படியில் நின்றார். திரும்பிப் பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரிந்ததால் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த ஊர் மக்கள் நான்தான்."

கடைப்பக்கமிருந்து ஒருவன் பக்கென்று சிரித்தான். அது மற்றவர்களுக்கும் தொற்றியது. இராயப்புவின் காது இரண்டும் எரிந்தன. கீழே ஏணி கொஞ்சமும் ஆடவில்லை. நிமலினி அப்படிப் பிடித்திருந்தாள்.

சிரிக்காமல் நின்றது பிரதாபன் ஒருவன்தான். அவனுடைய முகம் செத்துப்போயிருந்தது. "நாசமாப் போச்சு," என்றான் மெல்ல. "வருஷக் கூட்டத்தில, கல்விக்கு நாங்கள் செய்த சேவை எண்டு இந்தப் பனரையும் சேர்த்து வாசிச்சுப் போட்டன் அண்ணை. பாதரும் கை தட்டினவர்." இதைக் கேட்டுச் சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. அந்த இடைவெளியில் இராயப்பு மேலே ஏறி மடக்குக் கத்தியால் முதல் கயிற்றை வெட்டினார். பதாகை பாதி சரிந்து, படம் நிலத்தைப் பார்க்கத் தொங்கியது.

"அப்ப மருத்துவம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேலியாக அல்ல, உண்மையாகவே தெரியாமல்.

"கிடைக்கேல்லை."

"அப்ப பிள்ளை எங்கை போறா?"

இந்தக் கேள்வி வராமல் இருந்தால் போதும் என்றுதான் இரண்டு கிழமையாக அவர் இருந்தார். கீழே குனிந்தார். நிமலினி அவரைப் பார்க்கவில்லை, ஏணியின் கால் வழுக்குகிறதா என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. இந்தப் பிள்ளையைச் சொல்லிக்கொள்ளவா தனக்கு வெட்கமாக இருந்தது என்று நினைக்க, சிரித்தவர்களுக்கு முன்னால் வந்த வெட்கத்தைவிடப் பெரிய வெட்கம் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது.

"மாத்தறைக்கு," என்றார். "மீனைப் பற்றிப் படிக்க."

"என்ன? கேக்கேல்லை, சத்தமாச் சொல்லுங்கோ!"

"மாத்தறைக்கு! மீனைப் பற்றிப் படிக்கப் போறாள் என்ர மகள்!"

இந்த முறை சந்தி முழுக்கக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது என்று அவருக்குப் பட்டது. இறங்கி வந்து மகளுக்கு முன்னால் நின்றார். சொல்லவேண்டியது நிறைய இருந்தது. கத்தியை மடித்து மடித்து விரித்தார்.

"பிள்ளை..." என்றார்.

"மற்றப் பக்கத்துக் கயிறு கிடக்கு, அப்பா," என்று சொல்லிவிட்டு, நிமலினி ஏணியின் ஒரு முனையைத் தூக்கினாள். மற்ற முனையை இராயப்பு தூக்கினார்.